ஆனைக்கல்லுக்கு ஓர் ஆண்

அன்றைக்குச் சமுதாயக் கூடத்து வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: எங்கள் பஞ்சாயத்துத் தலைவி மல்லம்மா, வனத்துறை ஜீப்பில் வந்த வனவர் எபினேசர், அவருடைய டிரைவர், மாவட்டத் தலைநகரத்திலிருந்து வந்த விலங்கு டாக்டர் ஃபர்சானா, டீக்கடை ருத்ரப்பன், ஆடு மேய்க்கும் தாசப்பன், அவனை விட்டுப் பிரிய மனமில்லாமல் பின்னாலேயே வந்த ஆடுகள் பதினொன்று, காவிரிக் கடைமடையிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தையல்நாயகி, அவள் புருசன் மாதையன், கையில் கயிறு பிடித்த மற்ற வீட்டார் இருபத்தொன்று, கீழ்ப்புதூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த நான்கு பேர், அவர்களை யாரும் கூப்பிடவில்லை, பதினான்கு கூண்டுகளில் அறுபத்தொரு ஓணான்கள், எங்கள் தலைக்கு மேலே, கயிற்றில் கட்டுண்டு, ஆனி மாத வெயிலை மறைத்துக்கொண்டு இருபத்திரண்டு கற்கள், தெருக்கோடியில், தையல்நாயகி வீட்டுக்கு மேலே, யாராலும் நகர்த்த முடியாமல் நின்ற இருபத்து மூன்றாவது கல். எண்ணியது நான்தான். இரண்டு முறை எண்ணினேன்.

மாசி மாதம் ஒரு வேன் வந்தது. அதில் வந்தவர்கள் நீளக் குச்சியின் நுனியில் நூல் சுருக்கு மாட்டி, எங்கள் ஊர்க் குன்றான கூளிக்கரட்டின் பாறைகள் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த கரட்டான்களைக் கழுத்தில் சுருக்கிட்டுத் தூக்கினார்கள். கரட்டான் என்பது எங்கள் பக்கத்துப் பாறை ஓணான். வேலியில் இருக்கிற ஓணானைப் போல அதற்கு முதுகில் முள் கிடையாது, உடம்பு தட்டை, பாறையோடு பாறையாக ஒட்டிக்கொள்ளும். வந்தவர்கள் காலேஜில் படிக்கிற பிள்ளைகள் போலிருக்கிறது என்று நாங்கள் மோர் கொடுத்தோம். வேலி ஓணானையும் புல்தரை ஓணானையும்கூட விடாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். வேன் போன மறுநாள் காலை, தாசப்பனின் ஆடு ஒன்று ஒரு பாறையின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. தாசப்பன் குனிந்து பார்த்தான். பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு முழம் வெளிச்சம் இருந்தது.

ஏன் என்று ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. எந்தக் கல்லின் உச்சியில் கரட்டான் இல்லையோ அந்தக் கல் கிளம்பிவிட்டது, எந்தக் கல்லின் உச்சியில் கரட்டான் தப்பியிருந்ததோ அந்தக் கல் கிடந்த இடத்திலேயே கிடந்தது, கண் இருக்கிறவர்களுக்கு அது போதும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருந்தன: எந்தக் கல்லை யார் கட்டுவது, எதில் கட்டுவது, கல்லின் நிழல் விழுகிற இடம் யாருக்குச் சொந்தம், கல் மேலே போய்விட்டால் அதன் அடியில் இத்தனை காலம் மூடிக் கிடந்த மண்ணில் கொள்ளு விதைக்கலாமா கூடாதா. மல்லம்மா ஊரைக் கூட்டி, வீட்டுக்கு ஒரு கல் என்று முறை வைத்தார். ஏர்க்கயிறு, ஏற்றக் கயிறு, லாரியில் பாரம் கட்டுகிற கயிறு, எது கையில் கிடைத்ததோ அதைப் போட்டு ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு கல்லைப் பிடித்து, கன்றுக்குட்டியை ஓட்டி வருவது போலத் தெருவுக்கு ஓட்டி வந்து, ஆட்டுக்கல்லிலும் மாட்டுத் தொழுவத் தூணிலும் கட்டினார்கள். கரண்ட் கம்பியில் இடிக்கக் கூடாது என்று லைன்மேன் வந்து சொல்லிவிட்டுப் போனார், கம்பிக்குக் கீழே இருக்கிற மாதிரி கயிற்றைக் குறைத்துக்கொண்டோம். பங்குனி வெயிலில் ஊரே நிழலாயிற்று. கல்லின் நிழலில் மிளகாய் காயாது என்று சண்டை வந்தது, கல்லின் நிழலில் கல்யாணம் நடந்தது, பெண் பார்க்க வந்தவர்கள், "கல் எத்தனை முழம்?" என்று கேட்டு, நல்ல கல் இருக்கிற வீடாகப் பார்த்துச் சம்பந்தம் பேசினார்கள். ருத்ரப்பன் தன் கல்லுக்குக் கீழே நான்கு பெஞ்சு போட்டு, டீக்கு ஒரு ரூபாய் ஏற்றினான்.

"உங்க ஊர்க் கல்லுக்கே உங்க ஊர்ல இருக்கப் பிடிக்கலையாமே!" என்று கீழ்ப்புதூர்க்காரர்கள் பஸ்ஸில் கேட்டார்கள்.

"உங்க கல்லு பாவம், மண்ணைத் தின்னுக்கிட்டே கிடக்குது," என்றோம் நாங்கள்.

ஆனைக்கல்லை மட்டும் எந்த வீட்டாரும் முறைக்கு எடுக்கவில்லை. கூளிக்கரட்டிலேயே பெரிய கல் அது. தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பஸ் ஜன்னலில் அதைப் பார்த்துத்தான் ஊர் வந்துவிட்டது என்று பையைத் தூக்குவார்கள். அது மற்றக் கற்களைப் போல முழக்கணக்கில் எழும்பி நிற்காமல், பனை உயரத்துக்குப் போய், பங்குனிக் கடைசியில் அடித்த ஒரு காற்றில் கரட்டை விட்டு நகர்ந்து, தெருவின் மேலே மெள்ள, மிக மெள்ள, யாரையோ தேடிக்கொண்டு போவது போலப் போயிற்று. எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். தையல்நாயகி ஓடவில்லை. கூழாங்கல்கூட இல்லாத வண்டல் பூமியில் பிறந்தவள் அவள். கல்யாணமாகி வந்த புதிதில் பாறையைப் பார்த்து, "இது யார் கொண்டாந்து போட்டது?" என்று கேட்டாள் என்று பத்து வருடமாக ஊர் அவளைக் 'கல்லில்லா ஊர்க்காரி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய அண்ணன்மார் சீரோடு அனுப்பிய தென்னங்கயிறு மணிக்கட்டுக் கனத்தில் பரணில் கிடந்தது. அதை எடுத்து, நுனியில் உலக்கையைக் கட்டி, சுழற்றி, மூன்றாவது வீச்சில் ஆனைக்கல்லின் இடுக்கில் சிக்க வைத்து, மறு நுனியைத் தன் வீட்டுக் கிணற்றடிக் கல்தூணில் சுற்றினாள். கல் நின்றது.

"இது எங்க வீட்டுக் கல்லு," என்றாள். "இனிமே யாராவது கல்லில்லா ஊர்க்காரின்னு சொல்லிப் பாருங்களேன்."

யாரும் சொல்லவில்லை.

அதற்குள் வேன் எங்கேயோ ஒரு சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டது. பிடிபட்ட ஓணான்கள் வழக்கு முடிகிற வரையில் மாவட்டத் தலைநகரத்தில் கூண்டுகளில் கிடந்தன. ஆனி முடிகிற சமயத்தில்தான் அவற்றை விடுவதற்கு உத்தரவு வந்தது. எது எந்த இனம், எது ஆண், எது பெண் என்று பார்த்துத் தீர்மானித்த பிறகே விட வேண்டும் என்பது உத்தரவு. எபினேசர் இன்னொன்றும் சொன்னார்.

"ஆடி பிறந்தா காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கு ஆடி ஒண்ணு. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள எந்தக் கல்லு தரையில உக்காரலையோ, அந்தக் கயித்த நான் அறுத்து விட்டுருவேன். ஊருக்கு மேல கல்லை வச்சுக்கிட்டு ஆடியத் தாண்ட முடியாது."

அறுத்துவிட்ட கல் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வராது என்பது மட்டும் தெரியும்.

டாக்டர் ஃபர்சானா கூண்டுகளைத் திறந்து, ஒவ்வொரு ஓணானாக எடுத்து, மல்லாக்கப் பிடித்து, பின்னங்கால் தொடையின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நகரத்தில் அவரிடம் வைத்தியத்துக்கு வருபவை பணக்கார வீடுகளில் வளர்க்கிற வெளிநாட்டுத் தாடி ஓணான்கள்; அவற்றில் ஆணுக்குத் தொடையடியில் ஊசியால் குத்தினது போல வரிசையாகத் துளைகள் இருக்குமாம். அறுபத்தொன்றையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"துளையே இல்லை. எல்லாமே பொண்ணு."

கீழ்ப்புதூர்க்காரர் ஒருவர் தும்முவது போலச் சிரித்தார்.

"டாக்டரம்மா, கொஞ்சம் நல்லாப் பாருங்க," என்றான் ருத்ரப்பன். "அப்போ எங்க மலையில ஆம்பளையே இல்லையா?"

"இல்லாட்டி என்னாடா?" என்றார் மல்லம்மா. "இந்த ஊர்ல ஆம்பளைங்க இருந்து என்னாத்தக் கிழிச்சீங்க? தாம்புக் கயித்துல முடிச்சுப் போடத் தெரியுதா உனக்கு?"

ருத்ரப்பனுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் போலிருந்தது. கூண்டில் இருந்ததிலேயே தலை பெரிதாக, தொண்டை சிவந்து, முதுகில் சீப்பு போல முள் நின்ற ஒன்றை எடுத்து, "இது ஆம்பளை இல்லாம பின்னே என்னா?" என்று தன் கல்லைக் கயிற்றால் இழுத்து, உச்சியில் வைத்தான். கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. கோபித்துக்கொண்ட மாடு போலத் தலையைத் திருப்பிக்கொண்டு அப்படியே நின்றது. மேலே மறந்து வைத்திருந்த அவனுடைய பால் பாத்திரம் உருண்டு வந்து பெஞ்சில் விழுந்தது.

"அது வேலி ஓணான்டா," என்றான் தாசப்பன். "ஆம்பளைதான். ஆனா வேலிக்கு ஆம்பளை."

டாக்டரும் சிரித்துவிட்டார். சிரித்தபின் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார், தாசப்பனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார், அதற்குப் பிறகுதான் வேலை நடந்தது. முதலில் இனம் பிரித்தார்கள். முதுகில் சீப்பும் கூர்ச்செதிலும் இருந்தவை வேலி ஓணான், ஒன்பது. ஒல்லியாக, பின்னங்கால் நீளமாக, தாடைக்குக் கீழே மடித்த விசிறி போலத் தோல் தொங்கியவை புல்தரை விசிறியான், நான்கு. உடம்பு தட்டையாக, செதில் சின்னதாக, தொட்டால் வழவழவென்று இருந்தவை கரட்டான், நாற்பத்தெட்டு. ஆனால் நாற்பத்தெட்டும் ஒரே நிறமாக இருந்தன, நனைந்த மண்ணின் நிறம்.

"சிவப்பு ஒண்ணுகூட இல்லியே," என்றார் மல்லம்மா.

"பயத்துல நிறம் போயிடும்மா," என்றார் டாக்டர். "நாலு மாசம் கூண்டு. சிவப்புதான் ஆண். பழுப்பு பொண்ணு."

இதை எங்கள் ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. சிவப்பும் கறுப்புமாக உச்சியில் உட்கார்ந்திருப்பது செங்கரட்டான், அது ஒரு சாதி; கீழே இடுக்கில் ஓடுகிற பழுப்பு, மண்கரட்டான், அது ஒரு சாதி; எப்போதாவது கண்ணில் படுகிற மஞ்சள், மஞ்சக்கரட்டான், அது ஒரு சாதி. செங்கரட்டானுக்குப் பெண்டாட்டி கிடையாது, அது தனிக்கட்டை, கல்லைக் காவல் காக்கப் பிறந்தது என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாத தாசப்பனை ஊரில் எல்லோரும் செங்கரட்டான் என்றுதான் கேலி பண்ணுவார்கள்.

"சிவப்புக்கும் பழுப்புக்கும் என்னாங்க உறவு?" என்றான் தாசப்பன்.

"புருசன் பொண்டாட்டி. ஒரு ஆணோட கல்லைச் சுத்தி மூணு நாலு பொண்ணு இருக்கும்."

தாசப்பன் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். "மூணு நாலா?" என்றான். "இத்தினி வருசமா எனக்குத் துணைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே. பாவி."

டாக்டர் இப்போது தொடையைப் பார்க்கவில்லை. தலையை மேலேயிருந்து பார்த்தார், கன்னம் புடைத்திருக்கிறதா என்று. வாலின் அடியை விரலால் தடவினார், இரண்டு பருப்பு ஒளித்து வைத்தது போல வீக்கம் இருக்கிறதா என்று. பெண்ணுக்கு வால் அடியிலிருந்தே ஒடுங்கிவிடும். தாசப்பன் பிடித்துக் கொடுக்க, டாக்டர் தடவிச் சொல்ல, மல்லம்மா இடமும் வலமுமாகக் கூண்டு மாற்றினார். ஆண் இருபத்திரண்டு. பெண் இருபத்தாறு.

உச்சியில் உட்காருகிற சிவப்பு ஆண்தான் என்றால் கல்லுக்கு ஓர் ஆண் என்று முறையாயிற்று. முதல் ஆணை ருத்ரப்பனுக்குத்தான் கொடுத்தார்கள். அவன் கல்தான் கரட்டின் அடிவாரத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டியது. டீ வியாபாரம் போகிறதே என்று முனகிக்கொண்டே கல்லை அதன் பழைய பள்ளத்துக்கு ஓட்டிப்போய், கரட்டானை உச்சியில் விட்டான். அது ஓடவில்லை. முன்னங்காலை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, மறுபடி இறக்கி, தண்டால் எடுப்பது போல நான்கு தரம் எடுத்தது. எடுக்க எடுக்க முதுகில் சிவப்பு ஏறிற்று, விலாவில் கறுப்பு இறங்கிற்று. கல், தூக்கம் வந்த குழந்தை தோளில் கனப்பது போலக் கனத்து, கனத்து, பள்ளத்தில் உட்கார்ந்தது. மண் ஒரு பெருமூச்சு விட்டது. ருத்ரப்பன் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க கல்லுதான் முதல்ல," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தான்.

அதன் பிறகு வரிசையில் நிற்க யாருக்கும் பொறுமை இல்லை. மல்லம்மா தையல்நாயகியைப் பார்த்து, "தையலு, உன் கல்லுக்கு ஒண்ண மொதல்லயே எடுத்து வச்சிக்கோ," என்றார்.

"அவங்க எடுத்துக்கட்டும்க்கா. சின்னக் கல்லுக்காரங்களுக்குத்தான் அவசரம்," என்றாள் தையல்நாயகி. "எங்க கல்லு ஊருக்கே பெரிசு. கடைசியா இறங்கினா எல்லாரும் நின்னு பாப்பாங்கள்ல?"

மாதையன் அவள் முந்தானையை மெல்ல இழுத்தான். அவள் திரும்பவில்லை. ஒவ்வொரு கல்லாகக் கரட்டுக்குப் போயிற்று, ஒவ்வொரு பள்ளமாக நிறைந்தது, தெருவில் நிழல் ஒவ்வொன்றாகக் கழன்று வெயில் விழுந்தது. கடைசியில் ஆண்களின் கூண்டு காலியாக இருந்தது, ஆனைக்கல் மேலே இருந்தது.

நான் எண்ணிப் பார்த்தேன். கல் இருபத்து மூன்று, ஆண் இருபத்திரண்டு. காலையிலேயே சொல்லியிருக்கலாம். எல்லோரும் பார்க்கிறபோது வாயைத் திறப்பது எனக்கு முடியாத காரியம்.

"ஒண்ணு குறையுதே," என்று தையல்நாயகி காலிக் கூண்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

பெண்ணையே வைத்துப் பார்க்கலாம் என்றார் மல்லம்மா. கல் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால், ஒரு பெண் கரட்டானைத் தென்னங்கயிற்றில் விட்டார்கள். அது கயிறு வழியே ஏறி உச்சிக்குப் போயிற்று. ஆனைக்கல் ஒரு சாண் இறங்கிற்று. நாங்கள் கத்தினோம். யார் வந்தது என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல, கல் மறுபடி ஒரு சாண் ஏறிக்கொண்டது. பெண் அதே கயிற்றில் இறங்கி வந்துவிட்டது.

"அவளுக்கு ஒரே கல்லைக் கட்டிக்கிட்டு அழ முடியுமா?" என்றார் மல்லம்மா. "மலை முழுக்க வேலை கிடக்கு."

மேற்கே கரட்டுக்குப் பின்னாலிருந்து முதல் காற்று வந்தது. தென்னங்கயிறு முறுக்கேறி முனகிற்று. கிணற்றடித் தூண் அசைந்தது. எபினேசர் டிரைவரிடம் அரிவாளைக் கேட்டு வாங்கினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நாலு வீட்டு மேல விழுந்தா யார் பதில் சொல்றது?"

"அறுக்கறதுன்னா என் கையையும் சேத்து அறுங்க சார்," என்றாள் தையல்நாயகி. கயிற்றை இரண்டு சுற்று முழங்கையில் சுற்றிக்கொண்டாள். "இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இது போச்சுன்னா நான் மறுபடி கல்லில்லா ஊர்க்காரி."

கீழ்ப்புதூர்க்காரர்கள்கூட அப்போது சிரிக்கவில்லை. தாசப்பன் மட்டும் பெண்களின் கூண்டருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"செங்கரட்டான் வந்துருச்சு, மண்கரட்டான் வந்துருச்சு," என்றான். "மஞ்சக்கரட்டான் ஒண்ணுகூட வரலியே டாக்டரம்மா. அந்தச் சாதிய மட்டும் வேன்காரன் வித்துட்டானா?"

"மஞ்சளா? எப்போ பாத்திருக்கீங்க?"

"எப்பவாச்சும்தான். ரெண்டு சேந்துதான் இருக்கும். ஒத்தையா நான் பாத்ததே இல்லை. முதுகு மஞ்சள், விலா ஆரஞ்சு. ஒண்ண ஒண்ணு கடிச்சுக்கும். சண்டைக்காரச் சாதிங்க."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "அது தனிச் சாதி இல்ல தாசப்பண்ணே. ஆணும் ஆணும் எதிரெதிரே நின்னா மஞ்சளாகும். பொண்ணைப் பாத்தா சிவப்பும் கறுப்பும். நான் படிச்சிருக்கேன், கண்ணால பாத்ததில்லை." பெண்களின் கூண்டைப் பார்த்தார். "பெரிய ஆணோட ஒரே கூண்டுல அடைச்சா சின்ன ஆண் நிறமும் காட்டாது, உடம்பும் தேறாது. வாலைத் தடவினா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்குத் தெரியும்."

"எதுக்கு?"

"கல்லு மேல உக்காந்திருக்கிறவனுக்கு."

கூண்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் அடிவாரத்துக்கு ஓடினோம், கயிற்றைப் பிடித்த தையல்நாயகியும், அவள் இடுப்பைப் பிடித்த மாதையனும், அரிவாளோடு எபினேசரும் தவிர. ருத்ரப்பனுடைய கல்லின் உச்சியில் அவனுடைய கரட்டான் ஊரையே விலைக்கு வாங்கினது போல உட்கார்ந்திருந்தது. டாக்டர் பெண்களில் ஒன்றை எடுத்து அதன் எதிரே நீட்டினார். அது தண்டால் எடுத்தது; சிவப்பு இன்னும் சிவந்தது, கறுப்பு இன்னும் கறுத்தது. பெண். அடுத்தது. சிவப்பு, கறுப்பு. அடுத்தது. சிவப்பு, கறுப்பு.

"உன் ஆளு எல்லாரையும் பாத்துப் பல்லிளிக்கிறானேடா," என்றார் மல்லம்மா.

"எங்க கல்லு அப்படி," என்றான் ருத்ரப்பன்.

பத்து தாண்டிற்று. காற்று பலத்தது, தெருக்கோடியில் ஆனைக்கல் கயிற்றை இழுத்துக்கொண்டு ஊசலாடுவது இங்கிருந்தே தெரிந்தது. ஆடுகள் கல்லின் மறைவில் படுத்துக்கொண்டன. அப்போது டாக்டர் நீட்டிய ஒன்று, மற்றவற்றைவிட ஒல்லியானது, ஒரு கண் பாதி மூடியது, அதைக் கண்டதும் உச்சியில் இருந்தவன் தண்டால் எடுக்கவில்லை. வாயைப் பிளந்தான். சிவப்பு முதுகிலிருந்து வடிந்து போயிற்று, அந்த இடத்தில் மஞ்சள் தலையிலிருந்து வால் வரை ஒரே மூச்சில் ஓடி வந்தது, விலாவின் கறுப்பு ஆரஞ்சாயிற்று.

"மஞ்சக்கரட்டான்!" என்று தாசப்பன் கூவினான்.

"ஆண்," என்றார் டாக்டர். "ஆண்தான்."

அதைத் தாசப்பன் தன் தலைத்துண்டில் பொதிந்துகொண்டு ஓடினான், நாங்களும் பின்னால் ஓடினோம். விரலளவு உடம்பும் நூல் போன்ற வாலுமாக அதைப் பார்த்ததும் மாதையன், "இத்தினியூண்டா?" என்றான். தையல்நாயகி முழங்கையில் சுற்றிய கயிற்றை அவிழ்க்காமலே, மறு கையால் அதை வாங்கி, கயிற்றில் விட்டாள்.

அது ஏறிற்று. இரண்டாள் உயரம் போய் நின்றது. காற்றில் கயிறு ஆடியது, அது வயிற்றைக் கயிற்றோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டது, எபினேசர் அரிவாளைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கரட்டான் கண் திறந்து மேலே பார்த்தது. ஆனைக்கல்லின் அடிவயிறு அதற்கு வானம் முழுவதுமாக இருந்திருக்கும். ஓடிற்று. கயிற்றின் முடிச்சைத் தாண்டி, கல்லின் விலாவில் தொற்றி, வளைவைச் சுற்றி மறைந்தது.

காத்திருந்தோம்.

முதலில் கயிறு தளர்ந்தது. அப்புறம் ஆனைக்கல்லின் நிழல் தெருவில் சுருங்கி, கறுத்து, விளிம்பு கூராயிற்று. கல் இறங்கத் தொடங்கியது. ஆனால் இறங்கிய இடம் கரடு அல்ல. காற்று அதைக் கரட்டுப் பக்கம் விடவில்லை. தையல்நாயகியின் தலைக்கு மேலேயே இறங்கிற்று.

"இழுங்க, மலைப் பக்கம் இழுங்க!" என்று எபினேசர் கத்திக்கொண்டு தானும் கயிற்றைப் பிடித்தார். கயிறு பிடிக்க வந்த நாங்கள் நாற்பது பேரும் இழுத்தோம். கல் ஒரு சாண் நகர்ந்து, காற்றோடு இரண்டு சாண் திரும்பி வந்தது. இழுத்தால் வீட்டின் மேல் விழும், இழுக்காவிட்டால் வாசலில் விழும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"விடுங்க," என்றாள் தையல்நாயகி. "இங்கயே உக்காரட்டும்."

"அம்மா, இது மலையோட கல்லு. உங்க வாசல் பட்டா நிலம்."

"கல்லு எங்க உக்காருதோ அதுவரைக்கும் மலைதான் சார்," என்றாள். "மாட்ட அவுருங்க மாமா!"

மாதையன் தொழுவத்துக்கு ஓடி மாட்டையும் கன்றையும் அவிழ்த்து விரட்டினான். தையல்நாயகியும் நாங்களும் கயிற்றை விட்டு விலகினோம். ஆனைக்கல் தொழுவத்தின் ஓட்டுக் கூரையை, எருக்குழியை, வாசலின் முக்கால் பாகத்தை மூடிக்கொண்டு, ஒரு ஓடு கூடத் தெறிக்காமல், கோழி அடைக்கு உட்காருவது போல உட்கார்ந்தது. கிணற்றுத் தண்ணீர் ததும்பி வெளியே வந்தது. கல்லுக்கும் வீட்டு நிலைப்படிக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம் மிச்சம் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தோம். உச்சியில், மாலை வெயிலில், விரலளவு உடம்பை நான்கு காலிலும் தூக்கி நிறுத்திக்கொண்டு அது இருந்தது. முதுகு பற்றி எரிவது போலச் சிவந்திருந்தது. விலா கல்லின் நிழலைவிடக் கறுப்பாக இருந்தது. தண்டால் எடுத்தது. ஒவ்வொரு தண்டாலுக்கும் எங்கள் காலடியில் தரை லேசாக அதிர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள்; எனக்கும் அதிர்ந்தது.

கீழ்ப்புதூர்க்காரர்களில் மூத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். "பஸ்ல வர்றப்போ இனிமே எப்படித் தெரியும் உங்க ஊரு?" என்றார்.

"இறங்கி நடந்து வந்து கேளுங்க," என்றார் மல்லம்மா. "ஆனைக்கல்லு வீடு எதுன்னு கேட்டா குழந்தை சொல்லும்."

தையல்நாயகி முழங்கையில் கயிறு பதிந்த தடத்தோடு, கல்லில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள். அன்றிலிருந்து கூளிக்கரடு அவள் வாசலில்தான் தொடங்குகிறது. வனத்துறையும் எல்லைக் கல்லை அங்கே கொண்டுவந்து நட்டுவிட்டுப் போயிற்று.

இருட்டுவதற்குள் மற்றதை முடித்தோம். பெண் கரட்டான் இருபத்தைந்தையும் கரட்டில் விட்டோம், அவை எந்தக் கல் யாருடையது என்று பார்க்காமல் மலை முழுக்கச் சிதறி ஓடின. வேலி ஓணான் ஒன்பதும் கிளுவை வேலிக்குப் போயின. விசிறியான் நான்கும் புல்தரைக்குப் போயின. கூண்டுகளைக் கழுவலாம் என்று தாசப்பன் ஒவ்வொன்றாகத் திறந்து மணலைக் கையால் வாரினான். ஒன்பதாவது கூண்டின் மணலில் முட்டைகள் இருந்தன, வெள்ளையாக, புளியங்கொட்டை பருமனில்.

டாக்டர் அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். வேலி ஓணானா, விசிறியானா, கரட்டானா, ஆணா, பெண்ணா என்று மல்லம்மா கேட்டார். டாக்டர் தாசப்பனைப் பார்த்தார். தாசப்பன் டாக்டரைப் பார்த்தான்.

"தெரியாது," என்றார்கள் இரண்டு பேரும்.

தையல்நாயகி முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டுபோய், ஆனைக்கல்லின் அடியில் மண்ணைக் கிளறி, அவை இருந்தபடியே, மேல்பக்கம் கீழாகாமல் வைத்து மூடினாள். மூடுவதற்கு முன் நான் எண்ணினேன். ஏழு.